அளக்காமல் கொட்டிய புழுக்கள்

மண் ஆய்வுக்கூடத்தில் அவளைப் ‘புழு அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். மண்ணைத் தண்ணீரில் கலக்கிச் சலித்தால் கண்ணுக்குத் தெரியாத நூற்புழுக்கள் மிஞ்சும். சூடு காட்டினால் அவை செத்து நேராக நிமிரும். ஒவ்வொன்றின் நீளத்தையும் பருமனையும் நுண்ணோக்கியில் அளந்து எடையைக் கணக்கிடுவது அவள் வேலை. வாயில் ஊசி இருந்தால் வேரைக் குத்தி உறிஞ்சுகிற வகை. அதைத் தனியாகப் பிரிப்பாள். தலையை மட்டும் எண்ணினால் போதாது. கொழுத்ததும் ஒன்று, நோஞ்சானும் ஒன்று என்றா வேர் பார்க்கிறது?

அன்று காலை அவள் குளிர்ப்பெட்டியைத் திறந்தால் உள்ளே காலி. தக்காளித் தோட்டக்காரம்மாவின் மண்ணிலிருந்து பிரித்து வைத்திருந்த குடுவைகள் தொட்டியருகே கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன.

“நம்ம வேலையப் பாக்க விருந்தாளிங்க வர்றாங்கம்மா. அழுக்குத் தண்ணி எதுக்குன்னு நான்தான் கொட்டச் சொன்னேன்” என்றார் ஆய்வுக்கூடத் தலைவர்.

“அது அழுக்கா சார்? இன்னும் பாதிகூட அளக்கல!”

“எண்ணிக்கைதான் இருக்கே. புத்தகத்துல இருக்கற சராசரி எடையால பெருக்கி அறிக்கையில போட்டுடுங்க.”

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டில் கணவன், “அவர் கையெழுத்துப் போடற அறிக்கை. உனக்கென்ன வந்துச்சு?” என்றான். தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டாள்.

விருந்தாளிகள் முன்னால் தலைவர், “புழுக்களோட எடை குறைவு. தாராளமா மறுபடியும் தக்காளி நடலாம்” என்று வாசித்தார். பின்வரிசையில் தோட்டக்காரம்மா கும்பிட எழுந்தாள். அதைப் பார்த்ததும் இவளுக்குப் பொறுக்கவில்லை.

“பொய்! முழுசா அளக்கவே இல்ல. சாக்கடையில கொட்டிட்டாங்க.”

தலைவர் முகம் சுண்டிப்போயிற்று. மறுநாளே அவளை விதைக்கிடங்குக்குத் தூக்கியடித்தார்கள். அறிக்கையும் நின்றுபோனது.

விடுமுறையன்று தோட்டத்துக்குப் போய் அவளே மண்வெட்டியைப் பிடித்தாள். பிடுங்கிய பழைய தக்காளிச் செடிகளின் வேரெல்லாம் முண்டும் முடிச்சுமாக இருந்தன. கல்லூரியில் வேலை பார்க்கும் தோழியின் நுண்ணோக்கி முன் உட்கார்ந்து, அந்த மண்ணில் சலித்தெடுத்த புழுக்களை அளந்தாள். எண்ணிக்கை சொற்பம்தான்; ஆனால் ஊசிவாய்ப் புழுக்கள் ஒவ்வொன்றும் தின்று கொழுத்திருந்தன. அவற்றின் எடை மற்ற எல்லாவற்றையும் விஞ்சியது.

“இந்தத் தடவ தக்காளி வேணாம்மா. சோளம் போடுங்க, இந்தப் புழு அதை அவ்வளவா தொடாது.”

“நட்டிருந்தா என் கதி என்னாயிருக்கும்?” என்று தோட்டக்காரம்மா அழுதாள்.

அந்த வருடம் அங்கே சோளம் நன்றாக வந்தது. தலைவர் வழியில் பார்த்தால், “என்னம்மா, இன்னும் கோபமா?” என்று சிரிக்கிறார். அவள் நின்று, “ஆமா சார்” என்கிறாள்.