பாட்டு வகுப்பு என்று எழுதப்பட்ட ஆங்கில வகுப்பு

என் தங்கை மிரான் அரசு ஆசிரியர் தேர்வை மூன்று முறை எழுதினாள். மூன்றாவது முறை ஒன்றரை மதிப்பெண்ணில் போயிற்று. நான் நடுநிலைப் பள்ளியோடு நின்று கடற்பாசி உலர்த்தும் கொட்டகைக்கு வேலைக்குப் போனவள். எனக்கு அந்த ஒன்றரையும்கூடப் பெருமையாகத்தான் இருந்தது. குவாங்ஜு நகரத்துக்குப் போய் ஆங்கிலம் படித்தவர் எங்கள் தீவில் வேறு யாரும் இல்லை.

பிறகு தீவுக்கே திரும்பி, ஆரம்பப் பள்ளியில் மாலை நேர ஆங்கில வகுப்பு எடுத்தாள். நிரந்தர வேலை அல்ல, ஒவ்வொரு பிப்ரவரியிலும் புதிதாக ஒப்பந்தம் போட வேண்டும். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் சேர்த்து ஒன்பது பிள்ளைகள். மிதவை, கயிறு, நத்தை, வலை என்று அவர்கள் கண்ணில் படுவதையெல்லாம் படம் வரைந்து ஆங்கிலப் பெயர் சொல்லிக் கொடுத்தாள். படகு கரை சேரும்போது பிள்ளைகள் வரிசையாக நின்று அந்தப் பெயர்களைக் கத்துவார்கள்.

2018 மார்ச்சில் பள்ளி திறந்தபோது ஆணை வந்தது. மூன்றாம் வகுப்புக்கு முன் பள்ளிக்குள் ஆங்கிலம் கூடாது, மாலை வகுப்பிலும் கூடாது. சிறு பிள்ளைகளுக்குச் சுமையாம். தனியார் பயிற்சி வகுப்புகளுக்கு அது பொருந்தாது. அவையெல்லாம் வாண்டோ நகரத்தில் இருந்தன. இங்கிருந்து கப்பலில் ஐம்பது நிமிடம். திரும்பி வரக் கடைசிக் கப்பல் ஐந்து மணிக்கு.

ஹாராங் என்ற பிள்ளையின் அம்மா கொட்டகைக்கே வந்து கத்தினாள். "டவுன் பிள்ளைங்களுக்கு சுமை இல்லையாமா அக்கா? எங்க பிள்ளைங்க முதுகு மட்டும் என்ன டோஃபுவா?"

தலைமையாசிரியர் ஒரு வழி கண்டுபிடித்தார். "பாட்டுன்னு எழுதிக்கலாம் டீச்சர். இங்கிலீஷ்ல பாடக் கூடாதுன்னு ஆணையில இல்லையே. பேப்பர்ல மட்டும் அந்த வார்த்தை வேணாம்."

ஊருக்கே தெரியும், ஒருவரும் வாய் திறக்கவில்லை. கல்வி அலுவலகத்து ஆட்கள் கப்பலேறினால் துறைமுகத்தில் டிக்கெட் கிழிப்பவர் பள்ளிக்குப் போன் செய்துவிடுவார். அவர்கள் வந்து சேர்வதற்குள் பிள்ளைகள் நம் கொரியப் பாட்டுக்கு மாறிவிடுவார்கள்.

அக்டோபரில் வாண்டோ நடுநிலைப் பள்ளியில் ஆங்கிலப் பேச்சு ஆசிரியர் வேலை ஒன்று வந்தது. நான்கு ஆண்டு ஒப்பந்தம். கடைசி ஓராண்டு ஆங்கிலம் கற்பித்ததற்குச் சான்றிதழ் கேட்டிருந்தார்கள். மிரானின் சான்றிதழில் பாட்டு ஆசிரியர் என்றுதான் எழுத முடியும்.

"விடுக்கா. பாட்டு டீச்சராவே ரிடையர் ஆயிடறேன். குரல்தான் இல்ல" என்று சிரித்தாள்.

என்னால் விட முடியவில்லை. அவள் கற்பித்தது ஆங்கிலம். வேறு பெயரில் அவளை ஏன் எழுத வேண்டும்? அரசாங்கத்தின் மனுத் தளத்தில் எழுதினால் ஏழு நாளில் பதில் தந்தாக வேண்டும் என்பது சட்டம். கொட்டகைக் கணினியில் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினேன். ஒன்பது பிள்ளைகளின் பெயர், வகுப்பு நாள், நேரம், யார் யார் எத்தனை சொற்கள் கற்றார்கள் என்ற அட்டவணை, சுவரில் ஒட்டிய படங்களின் புகைப்படம். கடைசியில், இந்த ஆசிரியரின் உழைப்பை ஆங்கிலம் என்றே பதிவு செய்யும்படி கேட்டுக்கொண்டேன். மிரானிடம் சொல்லவில்லை. நல்ல பதில் வந்ததும் கையில் கொடுக்கலாம் என்று இருந்தேன்.

ஆறாம் நாள் பதில் வந்தது. விரிவான தகவலுக்கு நன்றி சொல்லியிருந்தார்கள். விதிமீறல் உறுதியானதாகவும், நடவடிக்கை எடுக்கும்படி பள்ளிக்கு எழுதிவிட்டதாகவும் இருந்தது.

மறுநாள் காலை தலைமையாசிரியர் கொட்டகை வாசலில் நின்றார். "ஏம்மா, புகார் குடுக்கறவங்ககூட பாதிதான் எழுதுவாங்க. நீங்க டைம்டேபிளே போட்டுக் குடுத்துட்டீங்களே!"

"நான் புகார் எழுதலையே சார். அவளைப் பாராட்டித்தான் எழுதினேன்."

"பாராட்டுக்குத் தனி நம்பர் கிடையாதும்மா. எல்லாம் ஒரே ஃபைல்தான்" என்றார். அவருக்குக் கண்டனக் கடிதம் வந்தது. மிரானின் ஒப்பந்தம் அந்த வாரமே ரத்தானது. தடையை மீறி ஆங்கிலம் கற்பித்தார் என்று காரணத்தையும் எழுதி முத்திரை வைத்தார்கள். வாண்டோ வேலைக்கு அவள் விண்ணப்பிக்கவே இல்லை.

அச்செடுத்த மனுவை அவள் பாசி அடுக்குகளுக்கு நடுவே நின்று முழுவதும் படித்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"ஒரு இடத்துலகூட தப்பில்லக்கா" என்றாள். அப்படியே மடித்து என்னிடம் தந்தாள்.

அடுத்த மார்ச்சில் அரசு அந்தத் தடையை எடுத்துவிட்டது. பள்ளி ஆசிரியர் வேண்டுமென்று நான்கு முறை அறிவித்தது. ஐம்பது நிமிடக் கப்பலுக்குப் பயந்து ஒருவரும் வரவில்லை. புதிய தலைமையாசிரியரிடம் நான் போய் நின்றேன். "அவங்க திறமையைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லலம்மா. ஆனா பதிவு அப்படி இருக்கு. நானும் மாட்டிக்கவா?" என்று எழுந்து கதவைத் திறந்துவிட்டார். ஹாராங் குடும்பம் கோடையில் வாண்டோவுக்கே குடிபோனது. மற்ற பிள்ளைகள் படகைப் பார்த்துக் கத்துவதை நிறுத்திவிட்டார்கள்.

மிரான் இப்போது குவாங்ஜுவில் ஒரு தனியார் ஆங்கில மழலையர் பள்ளியில் இருக்கிறாள். போன வாரம் போன் செய்தேன்.

"இங்க எல்லாம் அஞ்சு வயசுக்கா. சுமைன்னு யாரும் சொல்லல" என்றாள்.

"எம்மேல கோபமா?" என்று கேட்டேன்.

"பிள்ளைங்க வந்துட்டாங்கக்கா, வைக்கிறேன்."