நான்கு பேருக்கு ஒரு பொன்னாடை

பங்குனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை பதினொன்றரை மணிக்கு, லண்டனில் நாங்கள் இருக்கிற மிச்சம் என்கிற பகுதியிலிருந்து புறப்பட்டோம். போகிற இடம் டோர்க்கிங். சரே மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர், எங்கள் வாசலிலிருந்து பதினெட்டு மைல். ஏறக்குறைய முப்பது வருடமாக லண்டனில் இருக்கிறேன், அந்தப் பதினெட்டு மைலை ஒருநாளும் கடந்ததில்லை. கலியாணவீடு, சாமத்தியவீடு, கோயில் திருவிழா என்று ஹரோவுக்கும் மனோர் பார்க்குக்கும் ஓடவே எங்களுக்குச் சனிக்கிழமைகள் போதாது. தமிழரின் மண்டபம் ஒன்றுகூட இல்லாத ஊருக்கு மனிதர் ஏன் போகவேண்டும் என்பதுதான் அதுவரை என் எண்ணம்.

இந்தமுறை போனதற்குக் காரணம் என் கணவர். அவருக்குக் 'கன்ட்ரி' என்கிற அமெரிக்கப் பாட்டில் ஒரு பித்து. கிற்றாரைத் தட்டிக்கொண்டு மூக்கால் பாடுவார்களே, அதுதான். பாட்டுக்குள் ஒரு லொறி இருக்கும், மழை இருக்கும், விட்டுப் போன ஒருத்தி இருப்பாள். டோர்க்கிங்கில் உள்ள சிறிய தியேட்டரில், இப்படிப் புகழ்பெற்ற பாட்டுகளை எழுதிய நான்கு பேர் அமெரிக்காவிலிருந்து வந்து பாடப்போகிறார்கள் என்று மகள் இணையத்தில் கண்டுபிடித்தாள். பாடிப் பெயர் எடுத்தவர்கள் வேறு ஆட்கள். இவர்கள் எழுதியவர்கள். ஒரு ரிக்கெற் இருபத்தெட்டுப் பவுண்ட்.

இவருக்கு இந்தப் பித்து பிடித்த கதையைச் சொல்லவேண்டும். தொண்ணூறுகளில் இவர் தனியாக இங்கே வந்து, தமிழ்க் கடைகளுக்கு மரக்கறி கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பழைய வான் வாங்கினார். அதன் ரேப் ரெக்கோடருக்குள் ஒரு கசற் சிக்கிக்கொண்டிருந்தது. வெளியேயும் வராது, வேறொன்றைப் போடவும் விடாது. என் விசாக் கடதாசிகள் சரிவந்து நான் வந்து சேரும்வரை மூன்று வருடம், அதே பன்னிரண்டு பாட்டுகளைத்தான் கேட்டுக்கொண்டு ஓடியிருக்கிறார். நான் வந்தபோதும் அது பாடிக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு வரியும் விளங்கவில்லை. 'மூக்கால் அழுகிற பாட்டு' என்று பெயர் வைத்துவிட்டு அதோடு விட்டுவிட்டேன்.

போன வருடம் மகள் கைத்தொலைபேசியில் தேடிப் பார்த்துவிட்டு, அப்பாவுக்கு மிகவும் பிடித்த பாட்டை எழுதியவர் அதைப் பாடிய ஆண் அல்ல, ரூத் என்கிற ஒரு பெண் என்றும், அவர் இன்னும் இருக்கிறார் என்றும் சொன்னாள். இவர் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

"இவ்வளவு காலமும் பிழையான ஆளுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறன்" என்றார்.

அன்றிலிருந்து ஒரே ஒரு எண்ணம்தான்: சரியான ஆளுக்கு ஒருதரம் நேரில் நன்றி சொல்லிவிடவேண்டும். அப்படி என்ன பாட்டு என்று கேட்டால் "கேட்டாத் தான் விளங்கும்" என்பார். டூட்டிங்குக்குப் போய் எட்டுப் பவுண்டுக்குச் சரிகைக்கரை போட்ட ஊதாப் பொன்னாடை ஒன்று வாங்கி வந்தார். ஆங்கிலத்தில் நான்கு வசனம் எழுதி, ஒரு கிழமையாகக் குளியலறைக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். வெள்ளைக்காரிக்குப் பொன்னாடையா என்று நான் சிரித்ததை அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

பொன்னாடைப் பையைக் காரின் பின் சீற்றில் வைத்து, அதற்கும் பெல்ற் போட்டுவிட்டார். என் மடியில் கைப்பை, தேநீர் ஃபிளாஸ்க், சீனிச்சம்பல் வைத்த பாண் பெட்டி. எங்கள் காரில் ஒரு சட்டம் உண்டு, முன் சீற்றில் சாமான் வைக்கக்கூடாது. தனியாகக் கடைக்குப் போனாலும் அரிசி மூட்டையிலிருந்து மல்லித்தழை வரை எல்லாம் பின்னால்தான். ஒருமுறை நான் பின்னால் மகளோடு இருந்தபோது, கறிவேப்பிலைப் பையை முன் சீற்றில் போட்டேன். சிவப்பு விளக்கில் நின்ற நேரத்தில் அதை எடுத்து என்னிடமே தந்துவிட்டார். கேட்டால், "அது ஆள் இருக்கிற இடம்" என்பார். ஒவ்வொரு மனிதருக்கும் ஒவ்வொரு கிறுக்கு என்று நினைத்துக்கொள்வேன்.

மோர்டன், யூவெல், எப்சம் என்று ஒரே பாதை. லெதர்ஹெட்டைத் தாண்டியதும் வீடுகள் விலகி, இடப்பக்கம் பொக்ஸ் ஹில் என்கிற பெரிய மேடு எழுந்து நின்றது. அதன் அடியில் வரிசையாக மோட்டார் சைக்கிள்கள், தோல் சட்டை போட்ட கிழவர்கள் பேப்பர் கோப்பையில் தேநீர் குடித்துக்கொண்டு நின்றார்கள். வழியெல்லாம் மஞ்சள் டஃபடில் பூக்கள். இவ்வளவு கிட்ட இவ்வளவு அழகு இருந்திருக்கிறது, நான்தான் வரவில்லை.

ஒரு மணிக்கு முன்னமே டோர்க்கிங். கார் நிறுத்தக் காசு போடும் இயந்திரத்துக்குச் சில்லறை வேண்டி, பக்கத்து வீதியில் இருந்த பத்திரிகைக் கடைக்குள் போனோம். சிகரெட் பெட்டிகளுக்கு மேலே பிள்ளையார். கல்லாவில் நின்ற அறுபது வயதுக்காரர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஊரில எவடம்?" என்றார். சில்லறை தருவதற்குள் அவருடைய வரலாறு எங்களுக்கும் எங்களுடையது அவருக்கும் தெரிந்துவிட்டது. கடையும் மேல்மாடி வீடும் இருபது வருடத்துக்கு மேலாக அவருடையவை. படித்த பள்ளிக்கூடத்தின் லண்டன் பழைய மாணவர் சங்கத்துக்கு மூன்றுதரம் தலைவராக இருந்திருக்கிறார். அதைச் சொன்னபோது கொஞ்சம் நிமிர்ந்து நின்றார்.

தியேட்டரில் இருநூறு பேர் இருக்கலாம். எல்லாம் நரைத்த தலை, சில தலைகளில் அகலத் தொப்பி. தமிழர் நாங்கள் இருவர்தான். முழங்கால் வலியோடு நான் நொண்டி வருவதைப் பார்த்த வாசல்காரப் பெண், கேட்காமலே எங்களை நடைபாதை ஓர இருக்கைக்கு மாற்றிவிட்டாள். மூன்று மணி என்று போட்டிருந்தது, மூன்று மணிக்கே தொடங்கினார்கள். மங்கல விளக்கு இல்லை, தலைமையுரை இல்லை, பிரதம விருந்தினர் வழியில் வந்துகொண்டிருக்கிறார் என்ற அறிவிப்பும் இல்லை. எனக்கு அது கொஞ்சம் பயமாகக்கூட இருந்தது.

மேடையில் ஒரே வரிசையில் நான்கு உயர முக்காலிகள். நான்கு பேரும் ஆளுக்கொரு கிற்றாரோடு வந்து ஏறி அமர்ந்தார்கள். மூன்று ஆண்கள், கடைசி முக்காலியில் ரூத். எழுபது தாண்டியிருக்கும், குட்டையாக வெட்டிய வெள்ளைத் தலைமுடி, பெரிய கண்ணாடி. இவர்களுடைய முறை எனக்குப் பிடித்திருந்தது. ஒருவர் தன் பாட்டு எப்படிப் பிறந்தது என்று முதலில் கதையாகச் சொல்வார், பிறகு பாடுவார். மற்ற மூவரும் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு கேட்பார்கள். பிறகு அடுத்தவருடைய முறை. சபையில் ஒரு கடதாசி சரசரக்கவில்லை.

நான் ரசிக்கத் தொடங்க, இவர் நெளியத் தொடங்கினார். என்னவென்று கேட்டேன்.

"நாலு பேர் இருக்கினம்" என்றார் காதுக்குள். "எங்களிட்ட ஒண்டு தான் இருக்கு."

மற்றவர்களுக்கு இது ஒரு விஷயமாகப் படாது. எங்களுக்கு இது உயிர்போகிற விஷயம். ஒரே வரிசையில் இருத்திய நால்வரில் ஒருவருக்கு மட்டும் பொன்னாடை போடுவது அவரைக் கௌரவிப்பது ஆகாது, மற்ற மூவரையும் சபையில் வைத்து அடிப்பதாகும். எங்கள் கோயிலில் ஒருமுறை நாதஸ்வரக்காரருக்குப் போட்டுவிட்டுத் தவில்காரரை மறந்துபோனார்கள். அவருடைய வீட்டார் இன்றைக்கும் அந்தப் பக்கம் வருவதில்லை.

"விடும்" என்றார் இவர். "நான் சும்மா கையைக் குடுத்திட்டு வாறன்."

முகம் விழுந்துபோயிற்று. ஒரு கிழமையாகச் சிரித்த எனக்கே பொறுக்கவில்லை. இடைவேளை இருபது நிமிடம் என்று அறிவித்ததும், முழங்காலை மறந்து நான் எழும்பினேன்.

"இஞ்சாருங்கோ, அந்தக் கடைக்குப் போவம்."

"அங்க பொன்னாடை விப்பினமோ?"

"விக்காயினம். அவர் தலைவராய் இருந்தவர் எல்லோ."

அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. தலைவராக இருந்த எந்தத் தமிழருடைய அலுமாரியிலும் ஒரு தட்டு நிறையப் பொன்னாடைகள் கிடக்கும். உடுக்கவும் முடியாது, எறியவும் மனம் வராது. ஒரு தோளில் ஏறிய பொன்னாடை அடுத்த விழாவில் இன்னொரு தோளில் ஏறும், யாரும் கேட்பதில்லை.

கடைக்காரர் எங்கள் கதையைச் சிரிக்காமல் கேட்டார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"பாடின ஆக்களோ, எழுதின ஆக்களோ?"

"எழுதின ஆக்கள் அண்ணை."

"அப்ப கட்டாயம் போடத்தான் வேணும்."

மேல்மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அவருடைய மனைவி கை நிறையப் பொன்னாடைகளோடு இறங்கி வந்தார். பூச்சி உருண்டை மணக்கிறதோ என்று ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்து, சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மூன்றைத் தெரிந்தெடுத்து, மடிப்பு நீவித் தந்தார். இவர் பணப்பையை எடுத்ததும் கடைக்காரருக்குக் கோபமே வந்துவிட்டது. அலுமாரியில் கிடந்தவை ஒரு நல்ல தோளைப் பார்க்கட்டும், போங்கள் என்று எங்களைத் துரத்தாத குறையாக அனுப்பினார். அந்த இரண்டு பேரையும் நினைத்தால் இப்போதும் நெஞ்சு குளிர்கிறது.

மூச்சிரைக்க வந்து உட்கார்ந்தபோது இரண்டாம் பாதி தொடங்கியிருந்தது. சிறிது நேரத்தில் ரூத்தின் முறை வந்தது. இவர் முன்னால் குனிந்தார். அதுதான் அந்தப் பாட்டு.

ரூத் நிறுத்தி நிதானமாகக் கதை சொன்னார், எனக்கு ஒரு சொல்லும் தப்பவில்லை. அவருடைய தகப்பன் லொறி ஓட்டியவர். தாய் ஒருநாள் வீட்டை விட்டுப் போய்விட்டார். அதன் பிறகு தகப்பன், லொறியில் தன் பக்கத்து இருக்கையில் எதையும் வைக்கமாட்டாராம். தொப்பியை வைக்கமாட்டார், சாப்பாட்டை வைக்கமாட்டார். மகள்கூடப் பின்னால்தான் இருக்கவேண்டும். ஏன் என்று கேட்டால், அது ஓர் ஆளுடைய இடம் என்பாராம். தாய் கடைசிவரை வரவேயில்லை. இவ்வளவையும் சொல்லிவிட்டு ரூத் பாடினார். அதே மூக்குப் பாட்டு. நான் ஆயிரம் தரம் கேட்டு, ஒருதரமும் கேளாத பாட்டு.

ஹீத்ரோவில் நான் வந்து இறங்கிய நாள் நினைவுக்கு வந்தது. வான் முழுக்க வெங்காயத் தோலும் உடைந்த பெட்டியும். சாரதி இருக்கை கிழிந்து பஞ்சு வெளியே நின்றது. பக்கத்து இருக்கை மட்டும் கடையிலிருந்து வந்ததுபோலப் புதிதாக இருந்தது. இதில் ஒருவரும் இருப்பதில்லையா என்று கேட்டேன், இல்லை என்றார். பயணக் களையில் நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

தியேட்டரில் இருந்தபடியே அழுதேன். எழுதுவதற்கு எனக்கு வெட்கமில்லை. இவர் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தேகால் மணிக்கு நிகழ்ச்சி முடிந்தது. வெளிக்கூடத்தில் மேசை போட்டு நால்வரும் அமர்ந்திருக்க, ஆட்கள் வரிசையில் நின்று கைகொடுத்தார்கள். எங்கள் முறை வந்ததும் இவர் முதலில் மூன்று ஆண்களுக்கும் பொன்னாடை போட்டார். தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டுத் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டார், யாரோ சொல்லிக்கொடுத்தவர்போல. எங்கள் பக்கத்தில் நன்றாகப் பாடுகிறவர்களுக்குச் செய்கிற மரியாதை இது என்று நான் விளக்கினேன். வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். கடைசியாக ரூத்துக்கு அந்த ஊதாப் பொன்னாடை. போட்டுவிட்டு இவர் வாய் திறந்தார். குளியலறையில் பாடமாக்கிய நான்கு வசனமும் போன இடம் தெரியவில்லை. தன் ஆங்கிலத்தில், தட்டித் தடவிச் சொன்னார்:

"உங்கள் பாட்டில் அந்த இருக்கை கடைசிவரை வெறுமையாகவே இருக்கிறது. நானும் மூன்று வருடம் அப்படித்தான் ஓடினேன். என்னுடைய இருக்கைக்கு ஆள் வந்துவிட்டது. இவள்தான்."

ரூத் எழும்பி நின்றார். இவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார். பொன்னாடையின் நுனியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் என் கையைப் பிடித்தார். அந்த இருக்கை எப்படி இருந்தது என்று கேட்டார்.

"இருக்கை நன்றாக இருந்தது" என்றேன். "வான்தான் வெங்காயம் நாறியது."

அவர் சிரித்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி சிரித்தார். தன் தகப்பனுக்காக நன்றி என்று சொன்னார். நன்றி சொல்லப் போனவர்கள் நாங்கள்.

போகிற வழியில் கடைக்குள் எட்டிப் பார்த்தோம். "எல்லாருக்கும் போட்டனீங்களோ?" என்றார் கடைக்காரர். ஓம் என்றதும் அவருக்கும் நிம்மதி.

எங்கள் விழாக்களில் பாடுகிறவருக்குக் கைதட்டுவோம், நடிக்கிறவரோடு படம் எடுப்போம். இந்த வரியை எழுதியது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. இனிக் கேட்பேன். டோர்க்கிங்கில் கற்றுக்கொண்டதில் இது சின்னப் பங்குதான். பெரிய பங்கை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

காரடிக்கு வந்ததும், கைப்பையையும் ஃபிளாஸ்க்கையும் பாண் பெட்டியையும் பின் சீற்றில் வைத்தேன். வெறுங்கையோடு வந்து முன்னால் ஏறி, நன்றாகச் சாய்ந்து இருந்தேன்.

"பெல்ற்றைப் போடும்" என்றார் இவர். ஹீத்ரோவிலிருந்து புறப்பட்ட அன்றைக்கும் அதைத்தான் சொன்னார். போட்டேன்.