பின் சீட்டில் அம்மா

எங்கள் குழுவில் நான் ஒருத்திதான் பெண். பெருமைக்காகச் சொல்லவில்லை. அதனால் என் தலையில் வந்து விழுந்த ஒரு வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது, அதற்காகத்தான்.

நான் தேனிப் பக்கத்துக்காரி. மென்பொருள் வேலைக்காகச் சென்னைக்கு வந்து, கல்யாணமாகி, இப்போது கரையான்சாவடியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். இரண்டு பிள்ளைகள். என் கணவர் ஆசைப்பட்டு ஒரு பெரிய புல்லட் வண்டி வாங்கினார். அவருக்கு இடுப்பு வலி வந்ததும் அது பார்க்கிங்கில் தூசி பிடித்துக் கிடந்தது. விற்றுவிடலாம் என்றார். விற்பதற்கு முன்னால் ஒரு தடவை ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கினேன். அதற்குப் பிறகு அதை விற்கும் பேச்சே வீட்டில் எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொள்வார். விடிவதற்குள் நான் கிளம்பிவிடுவேன். ஹெல்மெட்டை மாட்டிவிட்டால் யாரும் என்னை ‘அம்மா’ என்று கூப்பிட முடியாது. தண்ணீர் கேட்க முடியாது, சாக்ஸைக் காணோம் என்று சொல்ல முடியாது. அந்தச் சில மணி நேரத்துக்காகத்தான் வாரம் முழுக்க மற்றதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன் என்றுகூடச் சொல்லலாம்.

சென்னீர்குப்பத்தில் நெடுஞ்சாலை ஓரம் ஒரு டீக்கடையில் கூடுவோம். ஏழெட்டுப் பேர். ஆவடியில் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் ஒரு அண்ணன்தான் எங்களுக்குத் தலைவர் மாதிரி. அவரை ஆவடி அண்ணன் என்றே வைத்துக்கொள்கிறேன். என்னைப் போல ஐடி வேலைக்காரர்கள் சிலர், தொழிற்பேட்டைக் கம்பெனிகளில் வேலை பார்க்கும் இளைஞர்கள் சிலர். மண்ணூர்பேட்டையிலேயே பிறந்து வளர்ந்து, அங்கேயே இரும்புத் தகடு அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை செய்பவர் ஒருவர். இந்தக் கதை அவருடையது, அவருடைய அம்மாவுடையது.

நடுவில் சில மாதம் அவர் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு வந்தார். பின் சீட்டில் அம்மா இருந்தார். எழுபது வயதுக்குக் குறையாது. புடவைக்குள் ட்ராக் பேன்ட், புடவைக்கு மேல் மகனுடைய முழுக்கைச் சட்டை, காலில் கேன்வாஸ் ஷூ, தலையில் ஆரஞ்சு நிற ஹெல்மெட். இரண்டு பக்கமும் கால் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். டீக்கடையே திரும்பிப் பார்த்தது.

அம்மாவுக்கு மறதி நோய். வார நாட்களில் மருமகள் பார்த்துக்கொள்கிறார். ஞாயிறு ஒருநாள் அந்தப் பெண் திருநின்றவூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய் வருவார். அன்று முழுக்க மகன் பொறுப்பு.

“இன்னாண்ணே பண்றது,” என்றார் ஆவடி அண்ணனிடம். “ஊட்ல தனியா வுட்டா கதவத் தொறந்துகினு போயிடுது. உக்காரவே உக்காராது, நடந்துகினே கீது. வண்டில ஏத்துனா மட்டும் கம்முனு வருது.”

ஆவடி அண்ணனுக்கு இது பிடிக்கவில்லை. விழுந்தால் யார் பொறுப்பு, கூட வருபவர்கள் எல்லாரும் வேகத்தைக் குறைக்க வேண்டுமே, என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். மண்ணூர்பேட்டைக்காரர் அவரை வண்டியின் பின்பக்கம் கூட்டிப் போனார். முதுகுச் சாய்மானத்தோடு பின்னால் பெட்டி பொருத்தியிருந்ததையும், இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருந்ததையும் காட்டினார். வேண்டாம் என்றால் திரும்பிப் போய்விடுகிறேன் என்றார். அதற்குள் அம்மா, “கெளம்பலியா?” என்று கேட்டுவிட்டார். கிளம்பினோம்.

அன்று பூண்டி ஏரிக்குப் போனோம். நின்ற இடத்தில் எல்லாம் அம்மா, திருத்தணி வந்துவிட்டதா என்று கேட்டார். அங்கே அவருடைய அக்கா இருந்தாராம். அக்கா இறந்து பல வருடம் ஆகிறது. மகன் ஒவ்வொரு தடவையும், இன்னும் கொஞ்ச தூரம்மா என்றார். ஒரு தடவைகூடக் குரல் ஏறவில்லை.

ஏரிக்கரையில் அம்மாவுக்குக் கழிப்பறை போக வேண்டியிருந்தது. எல்லா ஆண்களும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள், அவ்வளவுதான். நான் எழுந்து போனேன். புடவையைத் தூக்கிப் பிடித்து, ட்ராக் பேன்ட்டை இறக்கி, வழுக்கும் தரையில் அவரை உட்கார வைத்து எழுப்புவதற்குள் எனக்கு வியர்த்துக் கொட்டியது. என் தோளைப் பிடித்துக்கொண்டு, “நீ யாரு ஊட்டுப் பொண்ணு?” என்று கேட்டார். சொன்னேன். கை கழுவும்போது மறுபடி கேட்டார்.

அதற்கடுத்த ஞாயிறுகளிலும் இதேதான். அம்மாவுக்கு முகம் துடைக்க வேண்டும் என்றால் நான். இட்லியைப் பிட்டு வைக்க வேண்டும் என்றால் நான். ஊத்துக்கோட்டைக்கு முன்னால் ஒரு கடையில் அப்போதுதான் டீ கையில் வாங்கியிருந்தேன். இளைஞர்களில் ஒருவன் வந்து, அக்கா, அம்மாவுக்கு உள்ளே போகணுமாம் என்றான். எனக்குள் என்னவோ அறுந்தது.

“நானும் உங்கள மாதிரி வண்டி ஓட்டத்தான் வர்றேன். வீட்டுல இந்த வேலையெல்லாம் பார்த்துட்டுத்தான் வர்றேன். இங்கயும் நான்தானா?”

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. மண்ணூர்பேட்டைக்காரர் எழுந்து வந்தார். கோபத்தோடு வருகிறார் என்று நினைத்தேன். அப்படி இல்லை.

“நான் ஒன்னியும் உங்களக் கேக்கலியேக்கா,” என்றார். “ஊட்ல நான்தான் எல்லாம் பண்றேன். லேடீஸ் பாத்ரூமு, நீ போவாதன்னு இவனுங்கதான் சொல்றானுங்க.”

உண்மைதான். அவர் ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. மற்றவர்களின் பார்வைதான் என்னை எழுப்பிவிட்டது. அவர் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பெண்கள் கழிப்பறையை நோக்கி நடந்தார். ஆவடி அண்ணனும் எழுந்து பின்னாலேயே போனார். கழிப்பறைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசலில் காவலுக்கு நின்றார். ஒரு சுற்றுலா வேனிலிருந்து பெண்கள் இறங்கி வந்தார்கள். உள்ளே வயசானவங்க, பிள்ளை கூட இருக்கிறார், ஒரு நிமிஷம் பொறுத்துக்கங்கம்மா என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் சண்டைக்கு வரவில்லை. ஒரு நடுத்தர வயதுப் பெண் மட்டும், தள்ளுங்க, நான் பிடிக்கிறேன் என்று சொல்லி உள்ளே போய் உதவினார்.

அன்று என் டீயைச் சூடாகவே குடித்து முடித்தேன்.

அதன்பிறகு ஆண்கள் ஒவ்வொன்றாகக் கற்றுக்கொண்டார்கள். ஹெல்மெட் வாரைக் கழுத்துத் தோல் மாட்டாமல் பூட்டுவதற்கு ஒருவன். அம்மா கை கழுவச் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றுவதற்கு ஒருவன். புடவை முந்தானை சக்கரத்தில் சிக்காமல் இடுப்பில் இறுக்கிச் செருகிவிட ஆவடி அண்ணனே. யாரும் என்னைப் பார்க்காமல் இருந்ததாலோ என்னவோ, சில நாள் நானாகவே எழுந்து போனேன்.

ஒரு ஞாயிறு காவேரிப்பாக்கம் ஏரி வரை போனோம். திரும்பும் வழியில் நெடுஞ்சாலை ஓட்டல் ஒன்றில் சாப்பிட நிறுத்தினோம். வெவ்வேறு பைக் குழுக்கள் வந்திருந்ததால் கூட்டம் நெரிந்தது. மகன் கை கழுவப் போய் வருவதற்குள் அம்மாவைக் காணோம். நாற்காலியில் ஹெல்மெட்டும் இல்லை. சமையலறைப் பக்கம் ஓடினோம், கழிப்பறையில் தேடினோம். மகன் நேராகச் சாலைக்கு ஓடினார். லாரிகள் சீறிக்கொண்டு போகிற சாலை. அவர் தடுப்பைத் தாண்டி அந்தப் பக்கம் ஓடினார்.

நான் வண்டிகள் நிற்கிற பக்கம் போனேன். வரிசையாக நின்ற பைக்குகளில் கடைசியிலிருந்த ஒன்றின் பின் சீட்டில் ஆரஞ்சு ஹெல்மெட் தெரிந்தது. யாரோ ஒருவருடைய வண்டி. அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு, புறப்படத் தயாராக உட்கார்ந்திருந்தார். வண்டி சாயாமல் இருக்க, தாடி வைத்த ஒரு ஆள் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். அவருடைய குழுவெல்லாம் சற்றுத் தள்ளிக் கிளம்பக் காத்திருந்தது.

“அவங்களா ஏறி உக்காந்தாங்க. திருத்தணி போவணும்னாங்க,” என்றார். “இறக்கிவிட்டா எங்கயாச்சும் போயிடுவாங்களோன்னு பயந்து நிக்கிறேன்.”

மகன் மூச்சு வாங்க வந்து சேர்ந்தார். கண் சிவந்திருந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். இது நம்ம வண்டி இல்லம்மா என்றார், அவ்வளவுதான்.

“எந்த வண்டியா இருந்தா இன்னா,” என்றார் அம்மா. “போனா செரி.”

தாடிக்காரர் சிரித்துவிட்டார். மகனும் சிரிக்கத்தான் பார்த்தார். முடியாமல் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

சில வாரம் கழித்துக் கண் தான விழிப்புணர்வுக்காக ஒரு ரேலி நடந்தது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வழியாகத் திருவள்ளூர் வரை, பல குழுக்கள் சேர்ந்து போவதாக ஏற்பாடு. எல்லாருக்கும் வெள்ளை டி-சர்ட் கொடுத்தார்கள். அம்மாவுக்கும் ஒன்று வாங்கி, புடவைக்கு மேலேயே போட்டுவிட்டோம். புறப்படும் இடத்தில் ஒரு இளம்பெண், தன்னார்வலர், அம்மாவைப் பார்த்துவிட்டுத் தயங்கித் தயங்கி வந்தாள். இவ்வளவு வண்டிகள் நெருக்கமாகப் போகும்போது வயதானவர்களைப் பின்னால் உட்கார வைக்க அனுமதி இல்லை என்றாள். அவளுக்கே சொல்லக் கஷ்டமாக இருந்தது. எங்களில் சிலர் வாதாடத் தொடங்கினார்கள். மண்ணூர்பேட்டைக்காரர்தான் நிறுத்தினார். அவர்கள் சொல்வது சரிதான் என்று சொல்லி வண்டியைத் திருப்பினார். எதிரே ரேலிக்கு வந்துகொண்டிருந்த எல்லா வண்டிகளுக்கும் அம்மா கை அசைத்துக்கொண்டே போனார்.

நாங்கள் ரேலியில் கலந்துகொண்டோம். நன்றாகவே இருந்தது, அதை மறைப்பானேன். இருநூறு முந்நூறு வண்டிகளின் சத்தத்துக்கு நடுவே போவதில் ஒரு போதை இருக்கிறது. முடிந்ததும் யாருக்கும் வீட்டுக்குப் போகத் தோன்றவில்லை. ஆவடி அண்ணன் மண்ணூர்பேட்டைப் பக்கம் வண்டியை விட்டார். நாங்களும் பின்னால் போனோம்.

குறுகலான தெருவில் கீழ்த்தள வீடு. அம்மா டி-சர்ட்டைக் கழற்ற விடாமல் உட்கார்ந்திருந்தார். அம்மாவை இனி வண்டியில் ஏற்றப் போவதில்லை, அது இந்த ரேலியால் மட்டும் இல்லை என்றார் மகன். போன வாரம் திருமழிசை தாண்டும்போது அம்மா இரண்டு கையையும் விட்டுவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றப் பார்த்திருக்கிறார். எங்களிடம் அதைச் சொல்லவில்லை.

“இனிமே வேணாண்ணே,” என்றார். “நான் முன்னாடி பாத்து ஓட்டறதா, பின்னாடி அதப் புடிக்கறதா? நான் நின்னுக்கறேன்.”

யார் முதலில் சொன்னது என்று சரியாக நினைவில்லை. ஆவடி அண்ணனாகத்தான் இருக்கும். ஞாயிறு காலையில் எங்களில் ஒருவர் முறைவைத்து இங்கே வந்து அம்மாவோடு இருப்பது, அவர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்புவது என்று முடிவானது. அவர் வேண்டாம் வேண்டாம் என்றார். எல்லாருக்கும் எப்படியோ எனக்கும் அப்படித்தான், ஒரு தடவைகூடக் கூடுதலாக வர மாட்டேன் என்று நான் சொன்னேன். அதைக் கேட்டுத்தான் அன்று முதன்முதலாகச் சிரித்தார்.

முதல் முறை எனக்கே வந்தது. மகன் கிளம்பிப் போனதும் அம்மா என் கையிலிருந்த ஹெல்மெட்டைப் பார்த்துவிட்டார். போலாம், போலாம் என்று வாசலுக்கு இழுத்தார். சாப்பிடவில்லை, உட்காரவில்லை. கதவைச் சாத்தினால் அழுதார். வேறு வழி தெரியாமல் தெருவில் என் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, அவரைப் பின்னால் ஏற்றி உட்கார வைத்து, நான் முன்னால் உட்கார்ந்து எஞ்சினை ஓடவிட்டேன். என் இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எதிர்வீட்டுப் பெண் துணி உலர்த்திக்கொண்டே எங்கே போகிறீர்கள் என்று கேட்டார். திருத்தணிக்கு என்றேன். அவருக்கு எல்லாம் தெரியும்போல, பார்த்துப் போங்க என்றார்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் தலை என் முதுகில் சாய்ந்தது. தூங்கிவிட்டார். எஞ்சினை நிறுத்தினால் விழித்துக்கொள்வாரோ என்று நிறுத்தாமல் உட்கார்ந்திருந்தேன். முதுகில் அவருடைய மூச்சு சூடாகப் பட்டது. என் பிள்ளைகள் இப்படி என்மேல் சாய்ந்து தூங்கி நாளாகிறது.

எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமாக மகன் வந்துவிட்டார். எங்களைப் பார்த்துத் தெரு முனையிலேயே வண்டியை அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வந்தார். இருவருமாக அம்மாவை இறக்கிப் படுக்க வைத்தோம். ஏன் இவ்வளவு சீக்கிரம் என்று கேட்டேன்.

“ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும்தான் போனேன்கா. பின்னாடி வெயிட்டு இல்லாம வண்டி ஆடற மாதிரியே இருந்துச்சி. திரும்பித் திரும்பிப் பாத்துகினே போறேன். செட் ஆவல.”

அடுத்த தடவை இட்லி சாப்பிட்டுவிட்டுத்தான் வர வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த தடவை அப்படியே செய்தார். அதற்கும் அடுத்த தடவை ஏரி வரை போய் மீன் வாங்கி வந்தாராம். இப்போதெல்லாம் அவர்தான் முன்னால் போய்க் கை காட்டுகிறார், நாங்கள் பின்னால் போகிறோம்.

அம்மாவால் இப்போது வண்டியில் ஏற முடியாது. வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். திருத்தணியைப் பற்றிக் கேட்பதும் நின்றுவிட்டது. ஊட்டினால் சாப்பிடுகிறார். இளைஞர்கள் போனில் பாட்டு வைப்பார்கள். ஆவடி அண்ணன் தலை வாரிவிடுகிறேன் என்று கோணல்மாணலாக வகிடு எடுத்து வைப்பார்.

வருகிற ஞாயிறு ஆவடி அண்ணனின் முறை. நேற்று போன் செய்து, முழங்கால் வலி தாங்கவில்லை என்று இழுத்தார். அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். தைலத்தைக் கையோடு எடுத்துப் போங்கள் அண்ணா என்றேன். மாற்றுத் துணி எந்த அலமாரியில் இருக்கிறது, கஞ்சியை எவ்வளவு தண்ணியாகக் கரைக்க வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டு வைத்தேன். நாங்கள் பழவேற்காடு போகிறோம்.