கிருஷ்ணவேணி கடையின் முதல் கம்ப்யூட்டர்

நம் தெரு வியாபாரிகள் சங்கத்து மலருக்கு, சொந்த உழைப்பில் மேலே வந்த ஒருத்தரைப் பற்றி எழுதித் தரச் சொன்னார்கள். நான் என்னைப் பற்றியே எழுதியிருக்கலாம். மூணாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், வாலாஜாபாத் ரைஸ் மில்லில் தவிட்டு மூட்டை தூக்கினவன், பிள்ளையார்பாளையம் வந்து சாயத் தொட்டியில் கை வெந்தவன், இன்றைக்கு மாடியோடு மூன்று கடை உள்ள கட்டடத்துக்குச் சொந்தக்காரன் வீரபத்திரன் என்றால், அதை எழுத இந்த மலர் பூராவும் போதாது. அதனால் மற்றவர்களுக்கும் இடம் விட்டு, என் கட்டடத்தின் நடுக்கடையில் இருக்கிற கிருஷ்ணவேணியைப் பற்றி எழுதுகிறேன்.

அவள் பிறந்தது கூரம். அப்பா பயிர் வைக்கிறவர். புருஷன் வரதராஜன் வாலாஜாபாத் ரோட்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். கல்யாணமாகி வந்ததும் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் பில் போடுகிற வேலைக்குச் சேர்ந்தாள். பின்னால் இருந்த மேசையில் மெக்கானிக்குகள் பிரித்துப் போடுவதை எட்டி எட்டிப் பார்த்தே வேலையைக் கற்றுக்கொண்டாள். மெக்கானிக் லீவு போட்ட நாளெல்லாம் இவள்தான் ரிப்பேர் பார்த்திருக்கிறாள். ஆனால் வாடிக்கையாளர் உள்ளே வந்தால் முதலாளி, "நீ பில்லைப் போடும்மா" என்று முன்னால் அனுப்பிவிடுவாராம். என்னையும் அந்த மேசைக்கு மாற்றுங்கள் என்று ஒருநாள் கேட்டிருக்கிறாள். அவர் சிரித்தாராம். "ஸ்குரூ யாரு வேணா முடுக்கலாம். நீயே பூட்டி, நீயே பார்ட்டி கையில குடுத்து, அவன் திரும்பி வராம இருக்கணும். அதுதான் வேலை."

அதோடு அந்த வேலையிலிருந்து நின்றுவிட்டாள். கடை கேட்டு என்னிடம் வந்தாள்.

"உன்னால ஆவுமாம்மா?" என்று கேட்டேன். என் தலைக்கு மேலே மின்விசிறி ரொம்ப நாளாக டக் டக் என்று அடித்துக்கொண்டிருந்தது. கைப்பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தாள், ஸ்டூலைப் போட்டு ஏறினாள், சத்தம் நின்றது. நான் சாவியைக் கொடுத்துவிட்டேன். ஆளைப் பார்த்து எடை போடுவதில் எனக்குச் சமமாக இந்தத் தெருவில் ஒருத்தரும் இல்லை என்பது நீங்கள் அறிந்ததே.

முதல் ஆர்டரையும் நான்தான் பிடித்துக் கொடுத்தேன். ஆனந்தராஜைத் தெரியாதவர்கள் இருக்க மாட்டீர்கள். தறிக்காரர்களுக்குப் புடவை டிசைனைக் கம்ப்யூட்டரில் வரைந்து கொடுக்கிறவர். அவர் போகிற கடைக்குத்தான் மற்ற டிசைன்காரர்களும் போவார்கள். அதுவரைக்கும் அவர் கிருஷ்ணவேணி வேலை பார்த்த அந்தப் பழைய கடைக்குத்தான் வாடிக்கை.

"பெரியவரு சொல்றீங்க, ஒண்ணு வாங்கிப் பாக்கறேன்" என்றார். "நல்லா இருந்தா ஆபீஸ்ல இருக்கிற பழசு அத்தனையும் இங்கேயே மாத்திடறேன். சரியில்லேன்னா பழைய கடைக்கே போயிடுவேன். அப்புறம் கோச்சுக்கக் கூடாது. கடை திறக்கிற அன்னைக்கு சாயங்காலம் வந்து எடுத்துக்கறேன்."

ஆக, அந்த ஒரு மெஷினில்தான் அவள் கடையே தொங்கிக்கொண்டிருந்தது.

திறப்பு விழா காலையில் என் கட்டடத்து வழக்கப்படி எல்லாம் நடந்தது. என் வீட்டுக்காரி மங்கையர்க்கரசிக்குக் கைராசி உண்டு. யார் புதிதாகக் கடை போட்டாலும் அவள்தான் முதல் சரக்குக்கு மஞ்சள் வைப்பாள், புதுப் புடவை மூலையில் வைக்கிற மாதிரி. அவள் கை பட்ட டெய்லர் இப்போது ஓரிக்கையில் வீடு கட்டிவிட்டார். ஜூஸ் கடை வீரபாகு இரண்டாவது கடை போட்டுவிட்டான். கிருஷ்ணவேணி வாசலில் வந்தவர்களுக்குச் சந்தனமும் கல்கண்டும் கொடுத்துக்கொண்டிருந்தாள். உள்ளே பிள்ளையார் படத்துக்கு முன்னால் பிரித்து வைத்திருந்த கம்ப்யூட்டர் சாமான் ஒவ்வொன்றுக்கும் என் வீட்டுக்காரி குழைத்த மஞ்சளை எடுத்து வைத்து முடித்தாள்.

மத்தியானம் கிருஷ்ணவேணி அந்தச் சாமானை எல்லாம் சேர்த்து மெஷினைப் பூட்டினாள். நான் நாற்காலி போட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு ஒயரையும் தறியில் இழை சேர்க்கிற மாதிரி இடம் பார்த்துச் சொருகினாள். கடைசியில் சுவிட்சைத் தட்டினாள். விசிறி சுற்றியது. நீலமும் சிவப்புமாக விளக்குகள் எரிந்தன. நான் கை தட்டிவிட்டேன்.

மானிட்டர் மட்டும் கருப்பாகவே இருந்தது.

"இன்னாமா, படத்தையே காணோம்?"

"அதான் பெரியப்பா பாக்கறேன். எல்லாம் ஓடிக்கினுதான் இருக்குது. டிஸ்ப்ளேதான் வரலை."

ஒயரை மாற்றினாள். வரவில்லை. மானிட்டரைக் கழற்றித் தன் பழைய லேப்டாப்பில் சொருகினாள். படம் பளிச்சென்று வந்தது. "மானிட்டர் நல்லாத்தான் இருக்குது. கோளாறு உள்ளே" என்றாள்.

எனக்குத் தெரிந்த யோசனையை நானும் சொன்னேன். "இந்தப் பக்கத்து லைன்ல கரண்டு கம்மிம்மா. மாடியில என் வீட்டுக் கரண்டு நல்லா இருக்கும், அங்கேருந்து இழுப்போமா?"

"ஏங்க, நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தா பாதி தானா சரியாயிடும்" என்றாள் என் வீட்டுக்காரி.

ஜூஸ் கடை வீரபாகு எட்டிப் பார்த்தான். "கண்ணு பட்டுடுச்சுபா. காலையில அவ்ளோ கூட்டம்."

"ஆமாண்டா, உன் கண்ணுதான்" என்றேன். "காலையில கல்கண்டு தட்டையே பாத்துக்கினு நின்னது நீதானே."

கிருஷ்ணவேணிக்கு எங்கள் பேச்சு காதில் விழவே இல்லை. மதர்போர்டு ஓரத்தில் கடுகு மாதிரி சின்னச் சின்ன விளக்குகள் இருக்குமாம். மெஷின் எந்த இடத்தில் நிற்கிறதோ அந்த விளக்கு அணையாமல் நிற்குமாம். அப்படி ஒன்று நின்றது. "ரேம் கிட்ட நிக்குது" என்றாள். ரேம் என்பது விரல் நீளத்துக்கு ஒரு மெல்லிய தகடு. கீழ் ஓரம் முழுக்கத் தங்க முலாம் பூசியிருக்கும். அந்தத் தங்க ஓரம் குழியில் போய் உட்கார்ந்தால்தான் மெஷினுக்கு நினைவே வரும் என்று எனக்கு விளக்கினாள். அதை எடுத்து மறுபடி அழுத்தினாள். வேறு குழியில் மாற்றினாள். அந்த விளக்கு அணையவே இல்லை.

அப்போதுதான் அவள் முகம் மாறியது. "ரேமே செத்துப் போயிருக்குது பெரியப்பா. வேற ஒண்ணு மெட்ராஸ்லேருந்து வரணும். இல்லேன்னா..." ஊரில் இந்த ரேம் உடனே கிடைக்கிற இடம் அந்தப் பழைய கடைதான். அங்கே போய் நின்றால் அந்த ஆள் என்ன சொல்லுவான் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

சாமான் அனுப்பிய சென்னைப் பையன் சரத்குமாருக்கு ஃபோன் போட்டாள். ஸ்பீக்கரில் போட்டதால் நாங்களும் கேட்டோம்.

"சரத், இன்னா ரேம் அனுப்பிச்சிருக்கே? டெட்டு! சாயங்காலம் பார்ட்டி வருது. என் மொத பார்ட்டி!"

"அக்கா, டெஸ்ட் பண்ணாம நான் ஒண்ணுமே அனுப்ப மாட்டேன்."

"அப்போ நான் பொய் சொல்றேனா?"

"கோவப்படாதீங்கக்கா. அந்த கோல்டு லைன் தெரியிற மாதிரி கிட்டக்க ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்க. அடிபட்டிருந்தா மாத்தித் தரேன்."

வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் போட்டோ எடுத்து அனுப்பினாள். அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு.

"அக்கா, இதைப் பூட்டுறதுக்கு முன்னாடி சாம்பார்ல போட்டு எடுத்தீங்களா?"

அவள் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். நானும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒரு மூலையில் அந்தத் தங்க ஓரத்தின் மேல் மஞ்சள் காய்ந்து படிந்திருந்தது. தங்கத்தின் மேல் மஞ்சள் நிறம், வெறும் கண்ணுக்கு எப்படித் தெரியும்? கிருஷ்ணவேணி மெதுவாகத் திரும்பி என் வீட்டுக்காரியின் விரலைப் பார்த்தாள். நகக்கண்ணில் இன்னும் மஞ்சள் இருந்தது.

"பெரியம்மா, இதுக்கும் மஞ்சள் வெச்சீங்களா?"

"வெக்காம? எல்லாத்தையும் விட அதுதானே ஜரிகை பார்டர் மாதிரி அழகா இருந்துச்சு. மொதல்ல அதுக்குத்தான் வெச்சேன்." சொல்லும்போதே விஷயம் புரிந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயையோ, நான் கெடுத்துட்டேனா?"

வீரபாகு விழுந்து விழுந்து சிரித்தான். கிருஷ்ணவேணி சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. "ஒண்ணும் கெடலை பெரியம்மா. பென்சில் அழிக்கிற ரப்பர் ஒண்ணு வாங்கியாங்க போதும்" என்றாள். என் வீட்டுக்காரி இந்த வயசில் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பட்டு நூலைச் சரியாக வேகவைத்துப் பசையை எடுக்காவிட்டால், எவ்வளவு ஒசத்தியான சாயமாக இருந்தாலும் ஏறாது. நடுவில் ஒரு படலம் நின்றுவிடும். இங்கேயும் அதே கதைதான்.

ரப்பர் வந்தது. கூடவே ஆனந்தராஜும் வந்துவிட்டார், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே, கையில் ஹெல்மெட்டோடு.

"என்ன பெரியவரே, ரெடியா?"

நான் சமாளித்துவிடுவேன், ஐம்பது வருஷ வியாபாரம் எனக்கு. "உக்காருங்க சார், கடைசி டெஸ்ட் ஓடிக்கினு இருக்குது" என்று வாயெடுத்தேன். அதற்குள் கிருஷ்ணவேணி உள்ளதைச் சொல்லிவிட்டாள்.

"இல்ல சார். டிஸ்ப்ளே வரலை. பூஜையில ரேம் மேல மஞ்சள் பட்டுடுச்சு. தொடச்சிக்கினு இருக்கேன். உங்க கண்ணு முன்னாடியே போட்டுக் காட்டறேன். வரலைன்னா நீங்க எடுக்க வேணாம்."

போச்சு, ஆர்டர் போச்சு என்று நினைத்தேன். ஆனந்தராஜ் ஹெல்மெட்டைக் கீழே வைத்தார். "எங்க, காட்டுங்க" என்று குனிந்தார். போட்டோவைக் காட்டினாள். விளக்கு நின்ற இடத்தைக் காட்டினாள். அப்புறம் தங்க ஓரத்தை ரப்பரால் பதமாகத் தேய்த்தாள், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தாள், குழிக்குள் சின்ன பிரஷ்ஷால் தட்டினாள். ரேமை வைத்து இரண்டு பக்கமும் அழுத்தினாள். டக், டக் என்று உட்கார்ந்தது.

சுவிட்ச். விசிறி சுற்றியது. படம் வரவில்லை.

"மொத தடவை கொஞ்சம் நேரம் எடுக்கும் சார்" என்றாள். குரல் மட்டும் லேசாக இறங்கியிருந்தது. என் வீட்டுக்காரி கண்ணை மூடிக்கொண்டாள். வீரபாகு கூடச் சிரிப்பை நிறுத்தினான்.

கடுகு விளக்கு அணைந்தது. மானிட்டரில் வெளிச்சம் வந்தது, எழுத்து வந்தது. "வந்திடுச்சும்மா!" என்று நான் போட்ட சத்தத்தில் டெய்லர் கத்தரிக்கோலோடு ஓடி வந்தார்.

ஆனந்தராஜ் மெஷினைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார். "பழைய கடையில எப்பக் கேட்டாலும் நாளைக்கு வாங்கன்னு சொல்லுவாங்க. என்ன கோளாறுன்னு ஒருநாளும் சொன்னதில்லை. இதை எடுத்துக்கறேன்மா. மத்த மெஷினுங்களையும் ஒவ்வொண்ணா பண்ணிக் குடுங்க" என்றார். அப்புறம் என் வீட்டுக்காரி பக்கம் திரும்பினார். "ஆனா எல்லாத்துக்கும் அம்மா கையால மஞ்சள் இருக்கணும். நான் தேடி வந்தது அவங்க கைராசிக்கும் சேர்த்துத்தான்."

மங்கையர்க்கரசி தயங்கினாள். கிருஷ்ணவேணி மெஷினின் பக்கத்து மூடியைக் கழற்றி அவள் மடியில் வைத்தாள். "இந்த மூலையில வைங்க பெரியம்மா. எவ்ளோ வேணா வைங்க."

இன்றைக்கு இந்தத் தெருவில் டிசைன் போடுகிற பாதி வீட்டில் அவள் பூட்டிய மெஷின்தான் ஓடுகிறது. மூடியைக் கழற்றிப் பாருங்கள், உள்பக்க மூலையில் மஞ்சள் இருக்கும். என் வீட்டுக்காரியும் தினம் மத்தியானம் அந்தக் கடையில்தான் உட்கார்ந்திருக்கிறாள். ஒன்று மட்டும் மாறியிருக்கிறது. உள்ளே நுழைகிறபோது கிருஷ்ணவேணி, "பெரியம்மா, கை" என்பாள். இவள் இரண்டு கையையும் விரித்துக் காட்டிவிட்டுத்தான் உட்காருவாள். கட்டடத்துச் சொந்தக்காரன் நான். போன வாரம் என்னையும் காட்டச் சொன்னாள். காட்டினேன்.