எண்கள் ஓடுகின்றனவா

விசைப்பலகை மக்கர் செய்தால் எங்கள் அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான்: ஒயரைப் பிடுங்கி மறுபடி செருகுவது. ஹெப்பகோடிக்குப் பக்கத்தில் இருந்த அந்த அலுவலகத்தில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் கட்டிலுக்கு மேலே நோயாளியின் நாடித்துடிப்பைக் காட்டும் கணினிகளைத் தயாரித்தோம். ஒரு மதியம் எங்கள் டீம் லீட் அக்கா வேலை நடுவே ஒயரைப் பிடுங்கிச் செருகினார். திரை அப்படியே உறைந்துவிட்டது. சோதனைக்காக ஓடவிட்டிருந்த நாடித்துடிப்பு எழுபத்தெட்டில் நின்றது. அந்த எண்ணை அவர் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

நாங்களாக இருந்தால் அணைத்துப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போயிருப்போம். அக்கா அந்த வாரம் முழுக்க அதிலேயே கிடந்தார். விசைப்பலகையைக் கழற்றியதும் அதற்கென ஒதுக்கிய நினைவகத்தை, அதை இயக்கும் மென்பொருளான டிரைவர் திருப்பிக் கொடுத்துவிடுகிறது; ஆனால் அதன் இன்னொரு பகுதி, சங்கதி தெரியாமல், அதே இடத்தில் எழுதிக்கொண்டே இருக்கிறது. வீட்டைக் காலி செய்தவர் பழைய சாவியோடு வந்து, புதிதாகக் குடிவந்தவரின் அலமாரியைக் கலைப்பது மாதிரி. கெட்ட எண்ணத்தோடு தயாரித்த கருவியைச் செருகினால் கணினியையே கைப்பற்றலாம் என்றும் அக்கா எழுதிக் கொடுத்தார். ஆனால் அவருடைய பயம் அது இல்லை.

"கெட்டவன் யாரும் வரவே வேணாம்டா. ஒரு நர்ஸ் ஒயரைப் புடுங்கிச் செருகினாப் போதும். பேஷன்ட் உயிர் போயிட்டிருக்கும், ஸ்கிரீன்ல எழுபத்தெட்டுனு நிக்கும்."

திருத்தம் சில வரிகள்தான். புதிய கணினிகளில் சேர்த்தார்கள். ஏற்கெனவே மருத்துவமனைகளுக்குப் போனவற்றைத் தொட்டால் மறுபடி சோதனை, மறுபடி ஒப்புதல். "ஓடுறதை எதுக்கும்மா நோண்டணும்? கெட்டுப்போனா மாத்திக் கொடுத்துடலாம்" என்றார் மேனேஜர். உறைந்த திரை கெட்டுப்போனதாகவே தெரியாது என்று அக்கா சொல்லிப் பார்த்தார். மேனேஜர் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார்.

பிற்பாடு அக்காவின் அம்மாவை விவேக் நகர் பக்கம் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். பார்க்கப் போனேன். கட்டிலுக்கு மேலே எங்கள் பழைய கணினி. ஒயரைப் பிடுங்காதீர்கள் என்று அக்கா சொன்னதற்கு, "நாங்க டெய்லி பண்றதுதானேக்கா, ஒண்ணும் ஆகாது" என்று நர்ஸ் சிரித்தாராம். அக்கா வைத்த கண் வாங்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவின் முகம் அதற்கு ஒரு முழம் கீழே இருந்தது.

"கண்ணு அசருது. நம்பர் ஓடுதா பாருடா."

"ஓடுதுக்கா. நீங்க அம்மாவைப் பாருங்க" என்றேன். அவர் காதில் விழவில்லை.

மறுநாள் காலை அம்மா போய்விட்டார். திரை ஒரு தடவைகூட உறையவில்லை. எண்கள் முறையாக இறங்கின, அலாரம் ஒழுங்காக அடித்தது. அந்த வேலையை நாங்கள் இருவரும் விட்டு வெகுநாளாகிறது. அந்தப் பழைய கணினிகள் யார் யார் தலைமாட்டிலோ இன்றும் ஓடுகின்றன. அக்கா என்னிடம் அதைப் பற்றிப் பேசுவதில்லை. போன மாதம் ஃபோனில் மட்டும், கேட்காமலே சொன்னார்.

"கடைசியா அம்மா கண்ணைத் திறந்து என்னமோ சொல்ல வந்தாங்கடா. நான் ஸ்கிரீனைப் பாத்துக்கிட்டே, இரும்மான்னு சொல்லிட்டேன்."