வெள்ளி நாக்கு வாங்கவில்லை

முருகனை நம்புகிறவர்களே, நன்றி சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனால் கோபம் முந்திக்கொண்டு வருகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பல்லடம் பக்கம் தறி ஓட்டுகிறவள். என் மகள் வள்ளிக்கு ஆறு வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. போன வருஷம் ஆடி மாதம் இரண்டு நாள் ஓயாமல் அழுதாள். எங்கே வலிக்கிறது என்று அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. எனக்குக் கேட்கத் தெரியவில்லை. வயிற்றுவலி என்று நினைத்து ஓம வாட்டர் கொடுத்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பார்த்தால் காதுக்குள் சீழ். கேட்காத காதும் வலிக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நானெல்லாம் ஒரு தாயா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

அவள் கையால் காட்டத்தான் பார்த்திருக்கிறாள். அந்தக் கையைக் கட்டி வைத்தது நான்தான்.

ஆமாம், கட்டினேன். பேச்சுப் பயிற்சி கொடுத்த ஓர் அம்மா சொன்னார்: "கையக் காட்ட உட்டீங்கன்னா வாய் பேசாதுங்க. பின்னாடி கட்டிப் போடுங்க." படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று பனியன் துணியைக் கிழித்துத் தினமும் ஒரு மணி நேரம் கட்டினேன். என் நாத்தனார் வேறு, "கைய ஆட்டுனா ஊமைன்னு ஊரே சிரிக்கும் கண்ணு" என்றார். சிரிக்கட்டுமே! பிள்ளை காதுவலியில் துடித்தபோது அந்த ஊரில் ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

முருகனிடம் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "என்னை ஒரு தடவை அம்மா என்று கூப்பிடட்டும். வெள்ளியில் நாக்கு வாங்கி உன் உண்டியலில் போடுகிறேன்."

ஐப்பசியில் பள்ளிக்கூடம் லீவு. வள்ளியைத் தறி குடோனுக்குக் கூட்டிப்போனேன். தறி ஓடும்போது பக்கத்தில் கத்தினாலும் கேட்காது. எங்களுக்கு எல்லாமே கைதான். இரண்டு விரலைக் கத்தரி மாதிரி காட்டினால் நூல் அறுந்துவிட்டது. கட்டைவிரல் வாய்க்குப் போனால் டீ. மீசையை முறுக்கினால் முதலாளி வருகிறார். எதிர்த் தறி சரசக்காவிடம் நான் டீ என்று காட்டினேன். வள்ளியும் அப்படியே காட்டினாள். நான் பழக்கதோஷத்தில் அவள் கையைப் பட்டென்று தட்டிவிட்டேன்.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. எல்லாத் தறியும் நின்றது. சரசக்கா போட்ட சத்தம் குடோன் முழுக்கக் கேட்டது.

"ஏங்கண்ணு, பொழுதன்னைக்கும் நீயும் நானும் கையிலதான பேசறோம்? புள்ள பேசுனா மட்டும் தப்பா?"

எனக்குச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. கரண்டை நிறுத்தியது முருகன்தான். யார் என்ன சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரசக்காவின் அண்ணன் பேத்திக்கும் காது கேட்காது. அந்தப் பிள்ளை சைகை மொழி கற்றுக்கொண்ட விளையாட்டு ஆப்பை என் போனில் ஏற்றிக் கொடுத்தார். அதில் ஒரு பொம்மைப் பெண் சைகை காட்டும். சரியான படத்தைத் தொட்டால் பலூன் வெடிக்கும். வள்ளி படபடவென்று வெடித்துத் தள்ளினாள். நான் பாலுக்கும் மீனுக்கும் தடுமாறித் தோற்றேன். அந்த ஆப்பில் மீசை என்றால் அப்பா. என் வீட்டுக்காரருக்கு முதலாளி ஆன பெருமை. "போனக் குடுத்துப் புள்ளயக் கெடுக்கறே" என்றார் நாத்தனார். அவருடைய பேரன் சோறு தின்பதே போனைப் பார்த்துத்தான்!

மார்கழியில் ஒரு நாள் காலை. வள்ளி என் முந்தானையை இழுத்தாள். ஒரு விரலைத் தன் மூக்கில், மூக்குத்தி போடும் இடத்தில் வைத்தாள். அம்மா. பிறகு காதைத் தொட்டு, முகத்தைச் சுளித்து, வலி என்று காட்டினாள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து வாங்கினோம். வழியெல்லாம் அழுதேன். முருகா, கூப்பிட்டுவிட்டாள்!

தைப்பூசத்துக்குக் கோயிலுக்குப் போனோம். வாசல் கடைக்காரர் பிள்ளை கையால் பேசுவதைப் பார்த்துவிட்டு, "நாக்குங்களா?" என்று வெள்ளித் தகட்டை எடுத்தார்.

"இல்லீங்க. கை குடுங்க. ரெண்டு கை."

உண்டியலில் வள்ளியே போட்டாள். போட்டுவிட்டு முருகனிடம் கையாலேயே என்னவோ நீளமாகப் பேசினாள். எனக்குப் பாதிதான் புரிந்தது. அவனுக்கு எல்லாம் புரிந்திருக்கும்.

நம்பிக் கேளுங்கள், கொடுப்பான். எந்த வழியில் கொடுக்க வேண்டும் என்று மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால், கோயிலுக்குக் கிளம்பும் முன் அதன் கையை அவிழ்த்துவிடுங்கள்.