ஆணி குத்திய பால் டின்கள்

சூறைக்காற்று மலாயா ரப்பர் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீடுகளின் கூரைகளைப் பிடுங்கிப் போட்ட மறுவாரம், சிரம்பானிலிருந்து நிவாரண லாரி வந்தது. தாய்மார் வேலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச் செல்லும் ஆயாக் கொட்டகைப் பிள்ளைகளுக்கென்று இரண்டு பெட்டி பால் டின்கள் இறங்கின. அடுத்த லாரி ஒரு மாதம் கழித்துத்தான் என்றார்கள்.

லயத்துப் பெண்களில் ஆறாம் வகுப்பு வரை படித்தவள் நான் ஒருத்திதான். அதனால் டின்களைப் பகிர்ந்து கொடுக்கும் வேலையைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் கிராணி என்னிடம் விட்டார். அவசரகாலச் சட்டம் கடுமையாக இருந்த நாள்கள் அவை. முள்வேலிக்குள் இருந்த எங்களிடமிருந்து காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுப் போராளிகளுக்கு உணவு போய்விடக் கூடாது என்று, எந்த டின்னையும் கொடுக்கும்போதே ஓட்டை போட வேண்டும். ஓட்டை விழுந்ததைப் பதுக்கி வைக்க முடியாதே!

சட்டத்தை மீறிவிடுவேனோ என்ற பயத்தில், முதல் பெட்டி முழுவதையும் ஒரே காலையில் ஆணியால் குத்தி வீட்டுக்கு வீடு கொடுத்துவிட்டேன். கூரையில்லாத வீடுகள். நாலாம் நாள் பார்த்தால், டின்களுக்குள் மழைத்தண்ணீரும் எறும்பும். என் எட்டு மாத மகளின் டின்னும் அப்படித்தான்.

மரம் சீவப் போகும் பக்கத்து வீட்டு அக்கா தன் டின்னை என் முன்னால் கவிழ்த்தார்.

"படிச்ச புள்ள, எறும்புக்கும் பேரு எழுதிக் குடுத்துட்டியா?"

"சட்டம் அப்படிக்கா..."

"சட்டமா வந்து என் புள்ளைக்குப் பால் குடுக்கும் லா?"

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு கிராணியின் ஆபீசுக்கு நடந்தேன். வழியெல்லாம், திரும்பிவிடலாமா என்றுதான் யோசித்தேன்.

"குடுக்கும்போதுதானே ஐயா குத்தணும்? ரெண்டாவது பெட்டிய வேலி கேட்டுல காவல் நிக்கிற போலீஸ்காரங்ககிட்டயே பூட்டி வைங்க. தெனம் காலையில ரெண்டு டின் குடுங்க, அங்கயே குத்திடறேன். புள்ளைங்க ஒரே எடத்துல குடிக்கட்டும்."

கிராணி என்னைப் பார்த்தார். "ஒரே எடம் எங்கம்மா இருக்கு? ஆயாக் கொட்டாய்க்கே கூரை இல்ல."

"நாங்க போட்டுக்கறோம் ஐயா."

"திங்கக்கிழமைக்குள்ள போடலேன்னா பெட்டி அடுத்த தோட்டத்துக்குப் போயிடும்."

வெளியே வந்த பிறகுதான், யாரையும் கேட்காமல் வாக்குக் கொடுத்தது உறைத்தது. அக்காவிடம் சொன்னபோது, "என் ஊட்டுக்கே வானந்தான் கூரை, இவ வேற!" என்று கத்தினார். கத்திக்கொண்டே சுத்தியலைத் தேடி எடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை, ரப்பர் மரங்களுக்கிடையே பறந்து கிடந்த தகரங்களைப் பொறுக்கி வந்தோம். சொந்த வீடுகளை அப்படியே விட்டுவிட்டு, ஆண்களும் பெண்களுமாய்க் கொட்டகையின் மேல் அறைந்தோம். வளைந்த தகரங்கள்தான். ஆனால் அன்று மாலை பெய்த மழையில் ஒரு சொட்டுகூட உள்ளே இறங்கவில்லை.

திங்கள் காலை கேட்டில் இரண்டு டின்கள் வாங்கி ஆணியை வைத்து அடித்தேன். என் மகளுக்குக் கடைசியாகத்தான் ஊற்றினேன். அதுதான் சரியென்று பட்டதாலா, ஊருக்குக் காட்டவா என்று இன்றும் எனக்குத் தெரியாது.

அந்தப் பெட்டி மாதம் முழுவதும் வந்தது. அதற்குள் லயத்தில் சில வீடுகளுக்குக் கூரை ஏறியிருந்தது. எல்லா வீடுகளுக்கும் ஏற ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. அடுத்த லாரி வந்ததும், டின்களை எங்கே இறக்குவது என்று ஓட்டுநர் கேட்டார்.

அக்காதான் முந்திக்கொண்டார். "கேட்டுலயே இறக்கு லா. ஆணி அந்தப் புள்ளகிட்ட இருக்கு."